பந்தயக் கச்சையும் வீதி வண்டியும்

பூந்தமல்லியினின்று மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையிற் செல்வோர், செம்பரம்பாக்கத்து ஏரியைக் கடந்து சிறிது தொலைவு சென்றவுடன் இருங்காட்டுக்கோட்டையை அடைவர். தொழிற்சாலைகளின் மதில்களுக்கு அருகே அங்கு மோட்டார் பந்தயக் களமொன்று உளது. 1953-ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அமைத்த அக்களத்தின் ஒரு சுற்று மூன்றே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்கு முன்னர்ப் பல்லாண்டுகள் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தின்மேல், பந்தயங்கள் நடைபெற்றன என்பதை நம் பழைய மாணவருள் மூத்தோர் நன்கறிவர். இக்காலத்தில் பந்தய நாள் வருமாயின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களினின்று இளைஞர் கூட்டங் கூட்டமாக இருங்காட்டுக்கோட்டைக்குச் செல்கின்றனர். செல்வது நன்றே. வேகத்தை மதிலுக்குள் வைத்துக் காணும் இடம் ஒன்று நம் அருகே இருப்பது நற்பேறென்றே கூறுவோம். ஆனால் திரும்பி வருங்கால் அவருட் சிலர் ஓர் ஆசையையும் உடன் கொண்டுவருகின்றனர். அதைப்பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அவ்வாசை யாதெனின், பந்தய வண்டியோட்டி தன் தோளிரண்டிலும் இடையிலும் மாட்டிக்கொள்ளும் அகன்ற வார்களைத் தம் வீட்டுக் காரிலும் பூட்டிவிட வேண்டுமென்பது. கடைக்காரர் அதனை ஹார்னஸ் என்பர். நாம் பந்தயக் கச்சை என்போம். சிவப்பும் நீலமுமான இவ்வார்கள் இணைய அங்காடிகளில் எளிதிற் கிடைக்கின்றன. நான்கு போல்ட்டுகளை முடுக்கினால் வேலை முடிந்தது என்று சொல்லும் பணிமனைகளும் உள. பந்தயத்தில் உயிரைக் காக்கும் பொருள் வீதியிலும் காக்கும் என்பது மேலெழுந்தவாரியாகப் பார்க்கின் நியாயமாகவே தோன்றும். ஆயினும், களத்தில் உயிர்காக்கும் இக்கச்சை, அரைகுறையாக வீதி வண்டியிற் பூட்டப்படுமிடத்து, வண்டியுடன் வந்த சாதாரணச் சீட் பெல்ட்டினும் பெருங்கேடு விளைக்கவல்லது என்பதே நம் துணிபு. கேட்டு நகைப்போரும் உண்டு. ஆதலின் காரணங்களைச் சற்று விரித்தே கூறுவோம்.

முதலில் கச்சையின் பெருமையை மறுப்பார் போன்று நாம் பேசவில்லை என்பது தெளிவாதல் வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி சுவரில் மோதுவதும், அதிலிருப்பவர் மூன்று மாடி உயரத்தினின்று தரையில் வீழ்வதும் ஒன்றே. அவ்வீழ்ச்சியின் வேகம் முழுவதையும் ஒரு முழ நீளத்திற்குள் உடல் இழந்தாக வேண்டும். அதனைத் தாங்கும் ஆற்றல் மனித உடலுக்கு உண்டோ என்று ஐயுற்ற காலத்தில், அமெரிக்க விமானப்படை மருத்துவரான ஜான் பால் ஸ்டாப் என்பார் தம் உடலையே சோதனைக்கு ஈந்தார். 1954 டிசம்பர் 10-ஆம் நாள், நியூமெக்ஸிகோ மாகாணத்தில், தண்டவாளத்தின்மேல் ஓடும் ராக்கெட் சறுக்குவண்டியொன்றில் தம்மை வார்களாற் பிணித்துக்கொண்டு மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்திற் சென்று, ஒன்றரை வினாடிக்குள் நின்றார். புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசை அவர்மேற் பாய்ந்தது. கண்களிற் குருதி கட்டியதேயன்றி உயிர்க்குத் தீங்கு நேரவில்லை. அதன்பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். உடலை உறுதியான எலும்புகளின்மேல், பரந்த வாரினால், செவ்வையாகப் பிணித்தால் மனிதன் பிழைப்பான் என்பதை உலகம் அவரிடமிருந்து கற்றது.

நம்மவருள்ளேயே ஒரு சான்று காட்டுவோம். சென்னையிற் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அக்டோபரில் ஷாங்காய் நகரத்துப் பந்தயத்தில் அவருடைய வண்டி தடுப்புச் சுவரில் மோதிச் சிதறியது. அவரோ பெருங்காயமின்றி வெளிவந்தார். அவரைக் காத்தது கச்சை மட்டுமன்று. கரியிழையால் வார்த்த கூடு, உடலின் அளவுக்கே செய்த இருக்கை, தலைக்கவசம், கழுத்துக் காப்பு, கச்சை ஆகிய அனைத்தும் ஒருங்கு கூடி அவரைக் காத்தன. இவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கடையில் வாங்கிவருவோர் மற்ற நான்கையும் மறந்துவிடுகின்றனர்.

இனி, வீதி வண்டியின் சீட் பெல்ட்டைப் பார்ப்போம். அதனை இழிவாக எண்ணுதல் இளைஞரிடையே வழக்கமாகிவிட்டது. ஒற்றைத் தோள்வார், கிழவருக்கும் குழந்தைக்கும் உரியது, பந்தய வீரனுக்கு ஒவ்வாதது என்பர். ஆனால் அதனை ஆக்கியவர் யார்? நில்ஸ் போலின் என்னும் சுவீடன் தேசத்துப் பொறியாளர். அவர் வால்வோ கம்பெனியிற் சேருமுன்னர் சாப் கம்பெனியில், விமானியை ஆபத்துக் காலத்தில் விமானத்தினின்று வெளியே வீசும் இருக்கைகளை அமைத்தவர். விமானிகளின் பல்வார்க் கச்சைகளை அவரினும் அறிந்தார் சிலரே. அத்தகையவர், வீதியிற் செல்வோர்க்கு என்ன தருவதென்று ஆராய்ந்து, 1959-ஆம் ஆண்டில் மூன்று முனைப் பட்டையைத் தந்தார். ஒரு கையால் இழுத்து ஒரு முறை சொருகினாற் போதும். இடைவார் இடுப்பெலும்பின்மேலும் தோள்வார் மார்பெலும்பின்மேலும் தாமாகவே பொருந்தும். வால்வோ கம்பெனியார் அவ்வுரிமையைத் தமக்கே வைத்துக்கொள்ளாது ஏனையோரும் வழங்குமாறு திறந்து விட்டனர். நான்கும் ஆறும் அறிந்தவரே மூன்றைத் தெரிந்தெடுத்தார் என்பதை இளைஞர் கருத்தில் வைக்க வேண்டும்.

அன்றியும், அப்பட்டை இன்று தனித்து நிற்பதன்று. மோதல் நேர்ந்த சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் அதனை இறுக்கும் பொறி ஒன்று, மார்பெலும்பு முறியாதவாறு அளவறிந்து தளர்த்தும் பொறி ஒன்று, இமை கொட்டுமுன் விரியும் ஏர்பேக் என்னும் காற்றுப்பை ஒன்று, இவையாவும் ஒன்றையொன்று எதிர்பார்த்து வேலை செய்யுமாறு தொழிற்சாலையார் பல வண்டிகளை மோதி உடைத்து அமைக்கின்றனர். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுபவர்க்குக் காற்றுப்பையும், பெல்ட் அணியாதபோது ஒலிக்கும் மணியும் கட்டாயமாயின. உடல் இவ்வளவு முன்னே வரும், தலை இவ்விடத்திற் காற்றுப்பையைத் தொடும் என்று அவர்கள் கணக்கிட்டது மூன்று முனைப் பட்டையை வைத்தே. பட்டையை மாற்றினவன் அக்கணக்கு முழுவதையும் அழித்தவனாகிறான். தன் கணக்கு யாதென்று கேட்டால் அவனிடம் விடை இராது.

கச்சையைத் தவறாகப் பூட்டுவதால் வரும் தீங்குகளை நோக்குவோம். இவற்றுள் மிகவும் கொடியது வெளிக்குத் தெரியாதது. நான்கு வார்க் கச்சையில் இரண்டு தோள்வார்கள் மேலிருந்து இறங்கி, வயிற்றின் முன்னுள்ள பூட்டில் இடைவார்களோடு சேர்கின்றன. வண்டி மோதியவுடன் மார்பு முன்னோக்கிப் பாய, தோள்வார்கள் இறுகிப் பூட்டினை மேல்நோக்கி இழுக்கின்றன. பூட்டு மேலேற, இடைவாரும் இடுப்பெலும்பைவிட்டு மேலேறி மெத்தென்ற வயிற்றின்மேல் அமைகிறது. உடனே உடல் வாருக்கு அடியிற் புகுந்து முன்னே வழுகுகிறது. பல நூறு கிலோ எடைக்கு ஒப்பான விசை அப்பொழுது கல்லீரலின்மேலும் மண்ணீரலின்மேலும் குடலின்மேலும் ஏறுகிறது. எலும்பு தாங்க வேண்டியதைக் குடல் தாங்கும்படி ஆகிறது. பந்தயக்காரர் கவட்டின் வழியே ஐந்தாவது, ஆறாவது வார்களை வைத்திருப்பது அழகுக்கன்று. பூட்டினைக் கீழே பிடித்துவைத்து இவ்வழுக்கலைத் தடுப்பதற்கே. ஆனால் கவட்டுவார் வர வேண்டுமாயின் இருக்கையின் நடுவே துளை வேண்டும். வீட்டுக் காரின் இருக்கையில் அத்துளை இல்லை. ஆகவே, "அது வேண்டா, நான்கே போதும்" என்று விட்டுவிடுகின்றனர். எது இன்றியமையாததோ அதுவே விடப்படுகிறது! ஜெர்மனி தேசத்து ஷ்ரோத் கம்பெனியார், கவட்டுவார் இல்லாத நான்கு வார்க் கச்சையிலும் ஒரு தோள்வார் மட்டும் சற்று நீளுமாறு மடித்துத் தைத்து, உடல் ஒருபுறம் சிறிது திரும்ப வழுக்கல் நேராதபடி ஓர் உபாயம் செய்துள்ளனர். அவ்வித நுட்பம் ஒன்றுமில்லாமல் அதன் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பின்பற்றியவையும் சந்தையில் உள. இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்தாலும் புதியவன் கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது.

இரண்டாவது தீங்கு தோள்வாரின் கோணத்தைப் பற்றியது. உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எப்.ஐ.ஏ. என்னும் சம்மேளனத்தார், தோள்வார் இருக்கையின் மேல்விளிம்பினின்று பின்னோக்கிச் செல்லுங்கால் கிடைமட்டத்துக்குக் கீழே 45 பாகைக்குமேற் சாயலாகாதென்றும், 10 பாகைக்குள் இருப்பதே விரும்பத்தக்கதென்றும் கூறுகின்றனர். ஏன்? வாரினைப் பின்னே தரையிற் கட்டிவிட்டால் அது தோளின்மேல் மடிந்து, முன்பக்கத்திலும் கீழே இழுக்கும், பின்பக்கத்திலும் கீழே இழுக்கும். தலையிற் சுமை ஏற்றினாற்போல் முதுகெலும்பு முழுவதும் மேலிருந்து நசுங்கும். மோதலில் மார்பு தப்பினும் முதுகு தப்பாது. நாம் பார்த்த வண்டியொன்றில் தோள்வார்கள் முன்னிருக்கைக்கு நேர் பின்னே, பின்னிருக்கையில் அமர்வோர் கால்வைக்கும் தரையிலே துளையிட்டு மாட்டப்பட்டிருந்தன. உடையவர் அதனை மிக்க பெருமையுடன் காட்டினார். வேலை செய்த பணிமனையின் பெயரை ஈண்டுக் கூறோம். பின்னிருக்கைப் பெல்ட்டிற்குத் தொழிற்சாலையார் வைத்த முனைகளில் தோள்வாரைக் கட்டுதல் விதிக்கு முற்றிலும் புறம்பன்றெனினும், கோணம் எல்லைக்குள் அடங்கினால்தான் அதுவும் செல்லும். வார் நீள நீள, மோதலில் அது இழுபட்டு நீள்வதும் மிகும் என்பதையும் நினைக்க வேண்டும்.

இதற்குப் பரிகாரமாக, இருக்கைக்குப் பின்னே தோள் உயரத்திற் குறுக்குக் கம்பி ஒன்றை அமைத்து அதில் வாரினைக் கட்டுவர். அதுவே முறை. ஆனால் அக்கம்பியின் இரு முனைகளும் எதிற் பொருந்தியுள்ளன என்பதே கேள்வி. வண்டியின் பக்கத் தூண்களில், பெல்ட்டுக்கென்றே வலுப்படுத்திய இடங்களிற் பொருந்தினால் நன்று. வெறும் தகட்டிற் பொருந்தினால் அது கம்பியன்று, அலங்காரம். புதிதாகத் துளையிடும் இடத்தில், தகட்டின் மறுபுறம் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் குறையாத எஃகுத் தகடு வைத்தல் வேண்டுமென்பது மேற்கூறிய சம்மேளனத்தார் விதி. நம் காரின் தரைத் தகடோ ஒரு மில்லிமீட்டர் கனமும் இருப்பது அரிது. வெறும் வாஷர் வைத்து முடுக்கிய போல்ட்டு, பல நூறு கிலோ விசை வந்தவுடன், மாவிற் குத்திய ஊசியைப்போல் உருவிக்கொண்டு வரும். இருக்கையிலோ இருக்கையின் கால்களிலோ கச்சையைக் கட்டுதல் கூடாதென்றும் அவ்விதி கண்டிக்கிறது. இருக்கை பெயர்ந்தால் அதனொடு கட்டுண்ட மனிதனும் பெயர்வான் அன்றோ?

போல்ட்டைப்பற்றிச் சொல்லவந்தவிடத்து ஒன்று நினைவுக்கு வருகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வெகு அண்மையிலுள்ள பாடியில், வண்டிகளுக்குரிய உயர்வலிமை போல்ட்டுகளைச் செய்யும் சுந்தரம் பாஸ்னர்ஸும், சக்கரங்களைச் செய்யும் வீல்ஸ் இந்தியாவும், பிரேக்குகளைச் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும் அறுபதாண்டளவாகத் தொழில் நடத்திவருகின்றன. ஆவடியிலோ 1960-களிலிருந்து போர் டாங்கிகளையே கட்டுகின்றனர். எந்தப் போல்ட்டின் தலையில் 8.8 என்னும் எண் பொறித்திருக்கும், அவ்வெண்ணுக்கு யாது பொருள் என்பதை இப்பகுதியில் வீதிக்கு ஒருவரேனும் அறிவர். நம் மாணவருட் பலருக்குத் தந்தையோ மாமனோ அத்தகையவரே. அங்ஙனமிருக்க, பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய பெயரற்ற போல்ட்டில் உயிரைத் தொங்கவிடுவது நம் பக்கத்தாருக்குப் பெருமையன்று.

இனிக் கழுத்து. இதுவே நாம் மிகவும் அஞ்சுவது. தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. கடுமையான மோதலில் உடல் புவியீர்ப்பின் 40 மடங்கு விசையால் நிறுத்தப்படுமாயின், அக்கணத்தில் தலை 200 கிலோ எடையுள்ளதுபோல முன்னே பாயும். மூன்று முனைப் பட்டையில் மார்பும் சிறிது முன்னே செல்லும், ஒருபுறம் திரும்பும், காற்றுப்பை எதிரே வந்து தலையை ஏந்தும். கச்சையிலோ இரு தோளும் இருக்கையோடு பிணிபட்டு அசையாமல் நிற்க, தலை ஒன்றே தனித்துப் பாய்கிறது. தலையைப் பிடித்து நிறுத்த அங்கே கழுத்தன்றி வேறொன்றும் இல்லை. மண்டையோட்டின் அடிப்பாகம் விண்டு மரணம் நேர்வது இவ்வாறே. 2001 பிப்ரவரி 18-ஆம் நாள், அமெரிக்க நாட்டு டேட்டோனா களத்தில், ஏழுமுறை வெற்றிவாகை சூடிய டேல் எர்ன்ஹார்ட் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். மண்டையோட்டின் அடிப்பாகம் முறிந்ததே காரணமெனக் கண்டனர். இடைவார் ஒன்று அறுந்திருந்தது. அதுபற்றி நெடிய விவாதம் நடந்தது. இறுதியில், தலைக்கவசத்தைத் தோளோடு இணைத்துத் தலை பாயாமல் தடுக்கும் கழுத்துக் காப்பினை அவ்வாண்டு அக்டோபரிலேயே கட்டாயமாக்கினர்.

அக்காப்பு அதற்கு இருபதாண்டுக்கு முன்னரே மிச்சிகன் பல்கலைக்கழகமொன்றின் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டு, பந்தயக்காரரான தம் மைத்துனர் ஜிம் டௌனிங் வேண்ட, ஆராயத் தொடங்கியது. ஹான்ஸ் என்பது அதன் பெயர். கழுத்தை உறுத்துகிறது என்று பந்தயக்காரர் பலர் அதனை நெடுநாள் ஒதுக்கினர்! பார்முலா ஒன்னிலும் 2003-இல்தான் கட்டாயமாயிற்று. உலகின் தலைசிறந்த ஓட்டிகளே கச்சை மட்டும் போதுமென்று எண்ணி இத்தனை ஆண்டுகளைக் கழித்தனர் என்றால், ஆவடி வெளிவட்டச் சாலையில் விடியற்காலை வேகம் பார்க்கும் நம் தம்பிமார் அங்ஙனம் எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் ஒன்று கேட்போம். பூந்தமல்லிச் சந்தையில் காய்கறி வாங்கச் செல்வோன் தலைக்கவசமும் கழுத்துக் காப்பும் அணிந்து காரோட்டுவானோ? ஓட்டான். ஓட்டினாலும் பக்கம் திரும்பிப் பாரான். சந்தினின்று சைக்கிள் வருவதும் குழந்தை ஓடுவதும் அவன் கண்ணிற் படா. களத்தில் எதிரே வண்டி வருவதில்லை, மாடு குறுக்கிடுவதில்லை, பேருந்து நினைத்த இடத்தில் நிற்பதில்லை. குனிந்து எட்டிப்பார்த்து ஓட்ட வேண்டிய வீதியில், குனிய முடியாதபடி கட்டுண்டிருத்தலே ஓர் அபாயம்.

சிலர் பாதுகாப்பை மிகுக்கக் கருதி இரும்புக் குழாய்க் கூண்டையும் வண்டிக்குள் அமைக்கின்றனர். களத்தில் அது கூரை நசுங்காமற் காக்கும். வீதியில், கவசமற்ற வெறுந்தலைக்குப் பக்கத்தே ஒரு சாண் தொலைவில் இரும்புக் குழாயை நிறுத்துவதாகும். கூண்டு இல்லாமற் கச்சை மட்டும் பூட்டினாலோ, வண்டி கவிழுங்கால் கூரை இறங்கிவர, உள்ளிருப்பவன் சாயவும் இயலாமல் நிமிர்ந்தபடியே அகப்படுவான். ஒன்றைச் செய்தால் மற்றொன்று வேண்டும், அதைச் செய்தால் வேறொன்று வேண்டும் என்று இது சங்கிலியாக நீள்கிறது. சங்கிலியின் முடிவில் நிற்பது பந்தய வண்டி. வீட்டுக் கார் அன்று.

"பெல்ட்டே போடாதவர் எத்தனையோ பேர் இருக்க, ஏதோ ஒன்றைப் போடுகின்றவனை ஏன் கடிந்துகொள்கிறீர்?" என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெல்ட் அணியாமல் இறந்தோர் 16,715 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சின் கணக்கு. அவ்வாண்டு செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே பின்னிருக்கையில் பெல்ட் அணியாது சென்று இறந்தபின்னரே, பின்னிருக்கைக்கும் பெல்ட் உண்டென்பது பலருக்குத் தெரிந்தது. ஆனால் நாம் பார்க்கும் கச்சைப் பிரியருட் பலர் கச்சையை அணிவதுமில்லை. அதனை மாட்டப் பொழுதாகிறது. அணிந்தால் சுங்கச் சாவடியில் கை நீட்ட முடிவதில்லை. ஆகவே கச்சை இருக்கையிற் கிடக்கிறது. பழைய பெல்ட்டோ கழற்றப்பட்டுவிட்டது, அல்லது ஒலிக்கும் மணியை அடக்க அதன் பூட்டிற் பொய்ச்சாவி ஒன்று சொருகப்பட்டுள்ளது. இப்பொய்ச்சாவிகளை விற்றமைக்காக 2023-ஆம் ஆண்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தார் ஐந்து இணைய அங்காடிகளின்மேல் ஆணை பிறப்பிக்க, 13,118 விளம்பரங்கள் நீக்கப்பட்டன. எனவே, "ஏதோ ஒன்றை" அணிபவர் என்று நாம் கருதியவர் உண்மையில் ஒன்றையும் அணியாதவராகவே முடிகின்றனர்.

சட்டத்தைப்பற்றிச் சுருங்கச் சொல்வோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியைத் தயாரித்தோர் வகுத்த அமைப்புக்கு மாறாகத் திருத்துதலைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. பெல்ட் அணியாமைக்கு அபராதம் ஆயிரம் ரூபாய். பந்தயக் கச்சையில் எப்.ஐ.ஏ. முத்திரை இருப்பினும் அது களத்துக்குரிய முத்திரையேயன்றி வீதிக்குரியதன்று.

அங்ஙனமாயின் இளைஞன் கச்சையைத் தொடவே கூடாதோ எனின், அவ்வாறு கூறோம். உண்மையிலேயே களத்தில் ஓட்ட விரும்புவோன், பழகும் நாட்களில் இருங்காட்டுக்கோட்டைக்குத் தன் வண்டியைக் கொண்டுசெல்வோன், அதனை முறையாகப் பூட்டலாம். முதல் நிபந்தனை, தொழிற்சாலையார் வைத்த மூன்று முனைப் பெல்ட்டில் ஒரு போல்ட்டையும் தொடாமை. வீதியில் அதுவே அவன் பெல்ட். களத்து வாயிலைக் கடந்தபின்னரே கச்சை. தோள்வாருக்கும் கவட்டுவாருக்கும் துளையுள்ள இருக்கை வேண்டும். அவ்வகை இருக்கைக்கு மாறுங்கால் பழைய இருக்கையின் பக்கத்திலிருந்த காற்றுப்பையை இழக்க நேரலாம். அதனை அறிந்தே செய்ய வேண்டும். வார்கள் ஆறு, தோள்வார் குறுக்குக் கம்பியில், இடைவார் இருக்கையின் விளிம்பின்மேல் ஏறாமல் அதன் துளை வழியே வந்து இடுப்பெலும்பைத் தழுவ வேண்டும். கூரான விளிம்பில் எந்த வாரும் உராயலாகாது. தலைக்கவசமும் ஹான்ஸும் இன்றிக் கச்சையை இறுக்கலாகாது. முதலில் இடைவாரை இறுக்கிப் பின்னரே தோள்வாரை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் தோள்வார் இடைவாரை வயிற்றுக்கு இழுத்துவிடும். இது களத்துப் பழக்கமுள்ளோர் முதல்நாளே சொல்லிக்கொடுப்பது. பெட்டியிலுள்ள காகிதத்திலும் அச்சிட்டிருக்கும். அக்காகிதத்தைப் படிப்பார்தாம் அரியர்.

வாரின் ஆயுளையும் பார்க்க வேண்டும். எப்.ஐ.ஏ. முத்திரையில் அதன் இறுதி ஆண்டு பொறித்திருக்கும். தயாரித்த காலத்தினின்று ஐந்தாண்டளவே அது செல்லும். பாலியெஸ்டர் நூலை வெயில் தின்னும். ஆவடியில் சித்திரை வெயிலில், நிழலற்ற வெளியில், கண்ணாடிக் கூட்டுக்குள் நாள் முழுதும் காயும் வார் நிறம் வெளுக்கிறதென்றால், வலிமையும் உடன் குறைகிறது என்பதே பொருள். ஒரு பெருமோதலைக் கண்ட கச்சையை மறுபடி உபயோகித்தலாகாது. நூல் ஒருமுறை நீண்டு தன் வேலையைச் செய்துவிட்டது. மறுமுறை நீள அதனிடம் ஒன்றுமில்லை. பழைய பந்தய வண்டியினின்று கழற்றிய கச்சையை அரைவிலைக்கு வாங்குவோர் இதனைக் கேட்டறிதல் நலம். விற்பவர் உண்மை சொல்வாரா என்பது வேறு.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் அம்பத்தூர், பாடி, இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளிற் பொறுப்பான பதவிகளில் இருக்கின்றனர். ஆண்டுதோறும் கூடும் சங்கத்தில் விருந்துக்கும் வாழ்த்துரைக்கும் நடுவே ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, தரைத்தகட்டில் வாஷர் மட்டும் வைத்து முடுக்கிய போல்ட்டையும் எஃகுத் தகடு வைத்து முடுக்கிய போல்ட்டையும் மாணவர் கண்முன் இழுத்துக் காட்டுவாராயின், நாம் எழுதிய இப்பக்கங்கள் அனைத்தினும் அது மிகுந்த பயன் தரும். பௌதிக ஆசிரியர் எவரும் தம் ஆய்வுக்கூடத்தை அதற்கு மறுக்கமாட்டார் என நம்புகிறோம்.

ஒன்று எஞ்சியுள்ளது. வீதியில் விபத்து நேர்ந்தால் முதலில் ஓடிவருபவர் தேநீர்க் கடைக்காரரும் லாரி ஓட்டுநரும் பக்கத்து வயலில் நிற்பவருமே. சீட் பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்த அவர்கள் யாவரும் அறிவர். கச்சையின் பூட்டோ வட்டமான குமிழாக இருக்கும். சிலவற்றைத் திருப்ப வேண்டும், சிலவற்றில் நெம்பினைத் தூக்க வேண்டும். புகை எழும்போது, உள்ளிருப்பவன் நினைவிழந்திருக்கும்போது, அதனைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரமிராது. ஏற்கெனவே கச்சை பூட்டிவிட்டவர்கள், அதனைக் கழற்றும்வரையிலாவது, வண்டியில் உடன் ஏறும் தாய்க்கும் தங்கைக்கும் தோழர்க்கும் அக்குமிழைத் திறக்கும் விதத்தை இன்றே ஒருமுறை காட்டிவிடுக.